கூரை ஏறாத அறுபது கிலோவாட்

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, புன்னமூட்டுவிளை வட்டாரத்தில் நானூறு வீடுகளின் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிப்பது கிருபாபாயின் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறாள். ஒப்பந்த வேலைதான், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் எந்த வீட்டில் புது ஏசி வந்திருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது, யார் கூரையில் சூரியத் தகடு உண்டு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அந்த ஊரில் ஷீனாவும் இன்னும் எட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு மாவு மில் நடத்தினார்கள். பகலெல்லாம் ஓடும் மில். கூரையில் பத்து கிலோவாட்டுக்குத் தகடு போட அனுமதி கேட்டு எழுதினார்கள். மூன்றே வரியில் மறுப்பு வந்தது: அந்தப் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கக்கூடிய சூரிய மின்சாரம் எழுபத்தைந்து கிலோவாட், அதில் இனி இடமில்லை.

கடிதத்தை ஷீனா கிருபாபாயிடம் நீட்டினாள். "அக்கா, எழுபத்தஞ்சு கிலோவாட்டும் நெறஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்காவ. நீங்க தெனமும் நடக்கிய வழிதானே. அத்தனை தகடு எங்க இருக்கு?"

கிருபாபாய் விரல் விட்டு எண்ணினாள். ஐந்து வீடுகள், மொத்தம் பதினைந்து கிலோவாட். மீதி அறுபது எங்கே?

மறுநாள் மின்சார அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் விபினிடம் கேட்டாள். அவர் மறைக்கவில்லை, பட்டியலைத் திருப்பிக் காட்டினார். ஒரு கல்யாண மண்டபம், மூடிக் கிடக்கும் ஐஸ் ஃபேக்டரி, வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பூட்டிய மாளிகை. மூன்றும் சேர்ந்து மூன்று வருடத்துக்கு முன்பே அறுபது கிலோவாட்டுக்கு இடம் பிடித்துவிட்டன. ஒரு தகடுகூட ஏறவில்லை.

"பின்னே அதை வெட்டிவிடலாமே சாரே?"

"வெட்டச் சட்டத்தில வழியில்ல சேச்சி. முந்தி வந்தவனுக்கு முதல் இடம். எத்தனை நாள்ல போடணும்னு யாரும் எழுதி வைக்கல. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் எழுதினாத்தான் உண்டு. அடுத்த மாசம் அவங்க திருவனந்தபுரத்துல பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேக்கிறாங்க."

அங்கே போய்ப் பேசப்போவதாகக் கிருபாபாய் வீட்டில் சொன்னாள். கணவன் நேசையன் கொத்துவேலை முடித்து வந்து கைகழுவிக்கொண்டே கேட்டான். "நீ அங்க போய் அவிய வேலையில கொறை சொன்னா, அடுத்த வருசம் உன்ன வேலைக்கு எடுப்பாவளா?"

"எடுக்காட்டா எடுக்காண்டாம். கண்ணால கண்டதச் சொல்லப் போறேன். பொய்யா?"

ஆணையத்தின் விசாரணை நாளன்று காலையில் அவளை ஏற்றிக்கொண்டு போக நேசையனே பைக்கை எடுத்தான்.

விசாரணை அரங்கில் வக்கீல்களும் நிறுவனக்காரர்களும் படம் போட்டுப் பேசினார்கள். கடைசிக்கு முந்தின பெயர் கிருபாபாயுடையது. மலையாளத்தில் தொடங்கினாள், இரண்டு வாக்கியத்துக்குள் வீட்டுப் பேச்சு தானாக வந்துவிட்டது.

"நான் மீட்டர் பாக்கியவளாக்கும் சாரே. ஆப்பீசு கடலாசுக் கணக்குல எங்க டிரான்ஸ்ஃபார்மர் நெறஞ்சு கெடக்கு. கூரையில ஒண்ணுமில்ல. மாசாமாசம் அந்த மூணு வாசல்லயும் நான் நிக்கியேன். ஐஸ் ஃபேக்டரி கூரையில புல்லு மொளச்சிருக்கு. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிக்கலாம். ஆனா ஏறாமலே இருந்தா, நிக்கியவங்க எத்தன ஸ்டாப் வரைக்கும் நிக்கணும்?"

அரங்கு சிரித்தது. ஆணையத்து வரிசையில் நடுவில் இருந்த அம்மா சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

"ஆறு மாசம் குடுங்க. போடலைன்னா பேரை எடுத்திட்டு அடுத்த ஆளக் கூப்பிடுங்க. அந்தப் பட்டியல ஆப்பீசு செவத்துல ஒட்டுங்க. நாலுபேரு பாத்தா நாலுபேரு கேப்பாங்க."

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இடையில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலமும் வந்தது. விபின் தாளை நீட்டியபோது கிருபாபாய் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஒப்புப் போடுங்க சேச்சி. நீங்க சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல," என்றார் அவர்.

ஆணை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு மாதக் கெடு; தவறினால் இடம் பறிபோகும்; பட்டியல் ஒவ்வொரு அலுவலகச் சுவரிலும். அவள் ஊருக்கு மட்டுமல்ல, மாநிலம் முழுமைக்கும். விபின் போனில் வாசித்துக் காட்டக் காட்ட, கிருபாபாய் யார் வீட்டு மதிலிலோ சாய்ந்து அழுதாள். வீட்டுக்காரி பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

கெடு முடிந்தபோது மண்டபம் மட்டும் பாதி போட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் திறந்தது. முதல் அனுமதி மில்லுக்கு. தகட்டு மின்சாரத்தில் மில் ஓடத் தொடங்கிய அன்று, வெயில் சுள்ளென்று அடித்த நண்பகலில், அந்த வளாகமே கேட்கும்படி ஷீனா கூவினாள்: "எக்கா, ஓடுது! நம்ம வெயிலாக்கும் ஓடுகது!" அரிசிமாவு படிந்த எட்டு ஜோடிக் கைகள் கிருபாபாயைத் தூக்கின, அவளுடைய காக்கிச் சட்டை வெள்ளையாகிப்போனது.

இப்போது பக்கத்து ஊர்களான காரோட்டிலிருந்தும் கொல்லயிலிலிருந்தும் பெண்கள் அவளைத் தேடி வருகிறார்கள், மனு எப்படி எழுதுவதென்று கேட்டு. அவள் பேனாவை எடுப்பதில்லை.

"மொதல்ல போய் கூரைய எண்ணிட்டு வாங்க மக்கா," என்கிறாள்.