நான் சொன்னதால் பேச்சு நின்ற வீடு

1. டிக் விழாத வரிசை

தன்ஷிகாவுக்குப் பதினைந்து மாதம் முடிந்த வாரம், அவளுடைய வளர்ச்சி கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடப்பது, டிக். குனிந்து பொருளை எடுப்பது, டிக். கூப்பிட்டால் திரும்புவது என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. பேச்சு என்ற வரிசையில் ஒரு டிக் கூடப் போட முடியவில்லை. அம்மா, தா, போ எதுவும் இல்லை. அந்த வயதில் குழந்தைகள் நாள் முழுக்க அர்த்தமில்லாமல் உளறிக்கொண்டே இருக்குமே, அதுகூட இல்லை.

அவளுடைய அம்மா செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏக்கா, ஊமையாப் போயிருமோ?" என்று கேட்டாள்.

செல்வியும் அவள் கணவன் முருகேசனும் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். முருகேசன் கொத்தனார். கொச்சி மட்டாஞ்சேரியில், பழைய யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், சுக்குக் கிடங்கை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். முருகேசன் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். "இந்த ஊரு தண்ணி புள்ளைக்கு ஒத்துக்கலயாம்க்கா. பங்குனித் திருவிழாவுக்குப் போறப்ப எங்க ரெண்டு பேரையும் ஊர்லயே விட்டுட்டு வரப் போறாராம்" என்றாள் செல்வி. அங்கே எங்களைப் போல வீடு தேடிப் போய்ப் பார்க்கிற பணியாளர்கள் யாரும் இல்லை. குழந்தைக்கு அப்பாவும் பக்கத்தில் இருக்க மாட்டான், எங்கள் உதவியும் இல்லாமல் போகும்.

2. என்ன வேலை பார்த்தேன்

இதைப் படிக்கப் போகும் புதுப் பணியாளர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். என் பெயர் ராஜம். போன வருடம் ஓய்வு பெற்றேன். தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ஒரு சின்ன டிரஸ்ட் நடத்திய திட்டத்தில் இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போனேன். கர்ப்பம் ஏழாம் மாதத்தில் தொடங்கி, குழந்தைக்கு மூன்று வயதாகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். அம்மா அப்பாவுடன் உட்கார்ந்து, பால் கொடுப்பது, தூங்க வைப்பது, விளையாடுவது, பேசுவது எல்லாவற்றுக்கும் கூட இருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் என் மாமியார், "பிள்ளை வளர்க்கச் சொல்லிக் கொடுக்க ஒரு உத்தியோகமா?" என்று கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது.

சந்தேகம் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. கழுத்து நிற்காத குழந்தையை நாலாம் மாதத்திலேயே கவனித்துத் தெரபிக்கு அனுப்பியிருக்கிறோம். பிறகு அவன் அங்கன்வாடி வாசலில் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான். அழுகிற குழந்தையை அடிக்கக் கை ஓங்கிய அப்பா, ஆறு மாதத்தில் அதே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்பும்படி மார்க்கெட்டில் மீன் பேரம் பேசியதைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கிற சின்ன உதவி, அந்தக் குழந்தைக்குப் பெரிய உதவி. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டு நம்பவில்லை. கண்ணால் பார்த்து நம்பினேன்.

எங்கள் சூப்பர்வைசர் ஷைலஜா மேடம் என்னைவிட வயதில் சின்னவர், விவரத்தில் பெரியவர். பையில் பொம்மை கொண்டுபோகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்த வீட்டு டம்ளர், அந்த வீட்டுக் கரண்டி, அந்த வீட்டு டப்பா மூடி, இவற்றை வைத்துத்தான் விளையாட்டுக் காட்ட வேண்டும். நாம் கிளம்பிய பிறகும் அவை அங்கேயேதான் இருக்கும் என்பார்.

செல்விக்கும் எனக்கும் உறவு பாலில் தொடங்கியது. பிறந்த மூன்றாம் நாள் குழந்தை மார்பைப் பிடிக்காமல் கத்திக்கொண்டிருந்தது. நான் தொடர்ந்து நாலு நாள் போய் உட்கார்ந்து, தூக்கிப் பிடிக்கும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் குடித்துவிட்டது. அதிலிருந்து செல்விக்கு நான் சொல்வதெல்லாம் வேதம். எனக்கும் அது பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

3. காது

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைப் பார்க்க வேண்டும். எறணாகுளத்துக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்தோம். இரண்டு காதும் நன்றாகக் கேட்டன. டாக்டர் வேறு சில சோதனைகளும் செய்துவிட்டு, "வீட்டில் குழந்தையோடு யார் பேசுகிறார்கள்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "நல்லா பேசுவாங்க டாக்டர், நான்தான் போய்ப் பார்க்கிறேனே" என்றேன்.

போட்டில் திரும்பி வரும்போது செல்வி ஒன்றும் பேசவில்லை. குழந்தை தண்ணீரைக் கைகாட்டியது. செல்வி தலையை ஆட்டினாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4. ஆடு

மட்டாஞ்சேரியில் ஆடுகள் தெருவில் சுற்றும். அடுத்த வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே செல்வி வீட்டுச் சந்துக்குள் நுழைந்துவிட்டேன். இன்னொரு வீடு பூட்டியிருந்ததுதான் காரணம். பின்வாசலிலிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"வந்துட்டியா? நேத்து எங்க போன? மழையில நனஞ்சியா? இந்தா, வாழப்பழத் தோலு. அவசரப்படாத, மென்னு தின்னு. சுவத்துல இருந்த போஸ்டரத் தின்னது நீதான? வயிறு வலிக்கப் போகுது பாரு, சொல்லிட்டேன்!"

பாப்பாவிடம்தான் பேசுகிறாள் என்று சந்தோஷமாக எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு கறுப்பு ஆடு நின்றுகொண்டிருந்தது. தன்ஷிகா ஓரமாக உட்கார்ந்து, ஆட்டைப் பார்க்காமல், அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் செல்வி சட்டென்று நிறுத்திவிட்டுக் குழந்தை பக்கம் திரும்பி, "மோளே, வா. கழிக்கு" என்றாள். மகளே, வா, சாப்பிடு என்று மூன்று மலையாள வார்த்தை. அத்தோடு முடிந்தது.

"செல்வி, ஆட்டுக்கிட்ட இம்புட்டு பேசுற. பாப்பாகிட்ட ஏன் பேச மாட்டேங்குற?" என்று கேட்டேன்.

"நீங்கதானக்கா சொன்னீங்க, மலையாளத்துலதான் பேசணும்னு. எனக்குத் தெரிஞ்ச மலையாளத்த எல்லாம் பேசி முடிச்சிட்டேன்க்கா. இன்னும் என்ன பேச? பாப்பாகிட்ட தமிழ்ல பேசக் கூடாதுன்னு அவருகிட்டயும் சொல்லிட்டேன். ஆடு என்ன ஸ்கூலுக்கா போகப்போகுது? அதான் அதுகிட்ட தமிழ்ல பேசிக்கிறேன்."

 குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது செல்வி கேட்டதும், நான் சொன்னதும் வரி மாறாமல் நினைவுக்கு வந்தன. "பாப்பாகிட்ட தமிழ்ல பேசவா, மலையாளத்துல பேசவா அக்கா?" "மலையாளத்துலயே பேசு. இங்கதானே படிக்கப் போறா, பின்னால கஷ்டப்படக் கூடாதுல்ல."

எந்தப் பயிற்சியிலும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. கார்டிலும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் நான் வாயைத் திறந்தபோதெல்லாம் பிள்ளைகள் "பாண்டி, பாண்டி" என்று, தமிழர்களைக் கேலியாகக் கூப்பிடும் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த அவமானத்தைத்தான் நான் யோசனை என்ற பெயரில் செல்வி வீட்டில் இறக்கி வைத்திருக்கிறேன். மலையாளி ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். எங்களைப் போன்ற கொச்சித் தமிழர்கள்தான் சொல்வோம்.

பத்து மாதம் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் போகும் நேரத்தில் அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவே இருக்காது. பேசியது முழுக்க நான். செல்வி என்னோடு தமிழில் பேசினாள், நான் சொல்லித் தந்த நாலு மலையாளச் சொல்லைக் குழந்தையிடம் ஒப்பித்தாள். நானும் பலே என்றுவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

அன்றே ஷைலஜா மேடத்திடம் போய், ரிப்போர்ட்டில் எழுதித் தருகிறேன், என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள் என்றேன்.  "ஆத்யம் அவரோடு பறயூ சேச்சி. ரிப்போர்ட் பின்னே மதி" என்றார். முதலில் அவர்களிடம் சொல்லுங்கள், ரிப்போர்ட் பிறகு போதும் என்று அர்த்தம். அதிகாரம் கையில் இருந்தும் அவர் என்னைத் திட்டவில்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

முருகேசனுக்கு ஞாயிறுதான் லீவு. போய் உட்கார்ந்து, "தம்பி, நான் சொன்ன யோசனை தப்பு. உங்க பேர்லயோ செல்வி பேர்லயோ ஒரு குத்தமும் இல்ல" என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னேன்.

முருகேசன் எழுந்து நின்றுவிட்டான். "பத்து மாசம்க்கா! வேல முடிஞ்சு வந்து புள்ளயத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, நானும் ஊமை மாதிரி உக்காந்திருப்பேன். எனக்கு வேற பாஷை தெரியாதுல்ல. பெத்த புள்ளகிட்ட எப்படிப் பேசணும்னு எங்களுக்குத் தெரியாமயா இருந்துச்சு? உங்க பேச்சக் கேட்டுத்தான வாய மூடுனோம்?"

 "மன்னிச்சிருங்க தம்பி" என்றேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். செல்வி, "போயிட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த முறை போக வேண்டிய வியாழக்கிழமை போய் அந்தக் கதவைத் தட்டினேன். திறக்க மாட்டார்கள் என்றே நினைத்தேன். செல்வி திறந்தாள். "பங்குனிக்கு மூணு மாசம் இருக்காம். அதுவரைக்கும் பேசிப் பாக்கலாம்னு சொல்றாரு. அப்பவும் வாயத் தொறக்கலன்னா ஊருக்குத்தானாம். உள்ள வாங்க" என்றாள்.

6. பூச்சு வேலை

எல்லாக் குழந்தைக்கும் பேச்சுத் தாமதத்துக்கு இதுதான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காதைப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், தெரபி வேண்டுமென்றால் விடாமல் போங்கள். தன்ஷிகாவும் தெரபிக்குப் போனாள். ஆனால் நாளில் மிச்சமிருக்கும் மணி நேரமெல்லாம் அம்மா அப்பாவின் கையில்தான் இருந்தது.

செல்விக்கு நான் புதிதாக ஒன்றும் கற்றுத் தரவில்லை. ஆட்டிடம் பேசியதைக் குழந்தையிடம் பேசு என்றேன். அணை உடைந்த மாதிரிப் பேசினாள். ரசத்துக்குப் புளி கரைத்தால் பாப்பாவிடம் சொன்னாள், கரண்டு போனால் பாப்பாவிடம் சொன்னாள். முருகேசன் இன்னும் ஒரு படி மேலே. வேலை முடிந்து வந்து கை கழுவியதும், எஞ்சினியருக்குச் சொல்வதுபோல மகளுக்குக் கணக்குச் சொல்வான். "பாப்பா, இன்னிக்கு ரெண்டாவது மாடி சென்ட்ரிங் பலகையப் பிரிச்சோம். நாளைக்குப் பூச்சு வேல. மணலு சரியில்ல, மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், அவள் எந்தச் சத்தம் போட்டாலும் பதில் சொல்ல வேண்டும். இது மட்டும்தான் நான் சேர்த்தது. என்னிடம் மட்டும் அவன் அளந்துதான் பேசினான்.

ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் வேண்டாத சாமி இல்லை. எட்டாவது வாரம் "ம்ம்ம்", "ப்பா" என்று உளறல் தொடங்கியது. பங்குனிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மதியம் செல்வி போனில் கத்தினாள். "அக்கா, உடனே வாங்க!"

பயந்துபோய் ஓடினேன். சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தயிர்சாதம் அப்பியிருந்தது. தன்ஷிகா உள்ளங்கையால் அதைத் தேய்த்துவிட்டுத் திரும்பி, அப்பாவைப் பார்த்து, "பூச்சு" என்றாள். இன்னொரு பிடி எடுத்து அப்பினாள். "பூச்சு."

முருகேசன் சுவரருகே குந்தி உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. "பூச்சு நல்லாத்தான்க்கா இருக்கு. மட்டம்தான் கொஞ்சம் சரியில்ல" என்றான். செல்வியைத் துடைக்கவே விடவில்லை. எறும்பு வந்த பிறகுதான் துடைத்தார்களாம்.

பங்குனித் திருவிழாவுக்கு மூன்று பேரும் போனார்கள், மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்.

7. கடைசியாகப் போன நாள்

பிறகு மேடம் எங்கள் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: "இந்த வீட்டில் குழந்தையை எந்த மொழியில் கொஞ்சுகிறார்கள்?" அங்கன்வாடிக்குப் போன நாலே மாதத்தில் தன்ஷிகா மலையாளத்தை யாரும் சொல்லித் தராமல் பிடித்துக்கொண்டாள்.

நான் கற்றது இதுதான். ஒரு கூட்டத்தில் மைக் பிடித்து அந்த யோசனையைச் சொல்லியிருந்தால், அது என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனதால்தான் தெரிந்தது. நீங்களும் தப்பாகச் சொல்வீர்கள். அப்போது திரும்பிப் போய், சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். அந்த வியாழக்கிழமை எதற்குக் கதவைத் திறந்தாய் என்று செல்வியிடம் ஒருநாள் கேட்டேன். "எல்லாரும் புத்தி சொல்லிட்டுப் போயிருவாங்கக்கா. சொன்னது தப்புன்னு சொல்ல நீங்கதான் வந்தீங்க" என்றாள்.

தன்ஷிகாவுக்கு மூன்று வயதானது. என் ஓய்வும் அதே மாதத்தில் வந்தது. இனிமேல் நான் வர மாட்டேன் பாப்பா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். அவள் வாசலில் வந்து வழியை மறித்துக்கொண்டாள். "ஏன் வர மாட்டீங்க? கால் வலிக்குதா? பஸ்சு இல்லியா? மேடம் திட்டுனாங்களா? உங்க வீட்டுல பாப்பா இருக்கா? அதுகிட்ட யாரு பேசுவா? நான் பேசவா?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் கிளம்பினேன்.