இட்லிப்பூவுக்குக் காவல்

போன வியாழக்கிழமை விடியற்காலை, கிள்ளானில் எங்கள் வீட்டுக் காருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். நைட்டியில். கையில் டார்ச்லைட். எதற்கு? பூ பறிக்கும் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க!

சிரிக்காதீர்கள். இது ஹெல்த் விஷயம்.

எனக்கு பிரஷர் இருப்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். சும்மா உட்காரத் தெரியாது என்பதும் தெரியும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போகிறவள் நான். கிளினிக் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் – “ஆன்டி, தினமும் காலையில போனை வச்சிட்டு கொஞ்ச நேரம் அமைதியா உட்காருங்க. இப்படியே போனா மருந்தைக் கூட்ட வேண்டி வரும்.”

எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது? சுவரையா?

சுங்கை பூலோவில் ஒரு நர்சரிக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் சிவப்பு இட்லிப்பூச் செடியைக் காட்டினார். “இது நம்ம நாட்டுச் செடிக்கா. ஒரு தடவ நட்டா போதும்லா, வருஷக்கணக்கா பூக்கும். பட்டாம்பூச்சி தானா வரும்.”

வாங்கி வந்து கேட்டுக்கு வெளியே நட்டேன். நட்ட மறுநாளிலிருந்தே மொட்டு தேடினேன் என்பது வேறு கதை. ஒருவழியாக முதல் கொத்துகள் விரிந்த அன்று, கறுப்புச் சிறகுப் பட்டாம்பூச்சி ஒன்று வந்து, ஒவ்வொரு பூவாகத் தேன் குடித்தது. அது போகும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நானா அது? எனக்கே நம்ப முடியவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால்... வெறும் காம்பு. அடுத்து விரிந்த கொத்துகளுக்கும் அதே கதி. பட்டாம்பூச்சி வந்தது, ஒரு வட்டம் போட்டது, போய்விட்டது.

நம் ஊரில் செருப்பு காணாமல் போனால் திருட்டு. பூ காணாமல் போனால் பக்தி! யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? காலை முழுக்க கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்தேன். வாய்க்குள்ளேயே திட்டினேன். பிரஷர் இன்னும் ஏறியது. வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார் – “டாக்டர் உன்னை உட்காரச் சொன்னாரா, ஜாகா மாதிரி கேட்டுக்குக் காவல் நிற்கச் சொன்னாரா?”

அதனால்தான் அன்று காருக்குப் பின்னால் பதுங்கல். செருப்புச் சத்தம் கேட்டது. டார்ச்சை அடித்தேன். கையில் கூடையோடு... பக்கத்து வீட்டு சரோஜா அக்கா!

“ஐயோ! நீயா? உயிரே போயிருச்சு!”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாக்கா? எனக்கு வயிறு எரியுது!”

“சாமிக்குத்தானே...” குரல் இறங்கியது. “முதல்ல சும்மாதான் பறிச்சேன். அப்புறம் எல்லாம் உனக்காகத்தான்.”

“எனக்காகவா?”

“காலையில பாக்குறேன்ல. கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடக்குற, தனியா பேசிக்கிற. வீட்டுல என்ன கஷ்டமோ, கேட்டா சங்கடப்படுவியோன்னு நெனச்சேன். உன் மனசுக்கு அமைதி குடுப்பான்னு பிள்ளையாருக்கு உன் பேரைச் சொல்லிப் பூ போட்டுக்கிட்டிருக்கேன்.”

பூ போனதால் நான் நடந்தேன். நான் நடந்ததால் பூ போனது. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது? விஷயத்தைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ரோட்டில் நின்று சிரித்தோம். “இனிமே தொடமாட்டேன்” என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் செடி நிறையப் பூ. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பட்டாம்பூச்சியும் வந்தது. அப்போது பார்த்து, பக்கத்து வீட்டில் பூஜை மணி அடித்தது. அங்கே பிள்ளையார் பூ இல்லாமல் இருப்பாரோ?

கேட்காமல் நம் பூவைப் பறிப்பவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். கேட்காமலே நமக்காக வேண்டிக்கொள்பவர்கள் எத்தனை பேர்?

மனசு கேட்கவில்லை. எழுந்தேன். பட்டாம்பூச்சி இருந்த கொத்தை விட்டுவிட்டு, பக்கத்துக் கொத்தைக் கிள்ளி, அக்காவைக் கூப்பிட்டு வேலிக்கு மேல் நீட்டினேன்.

“இந்தாங்கக்கா. எனக்கு இன்னும் உட்கார வரல. வேண்டுதலை நிறுத்திடாதீங்க.”