செந்தாமரையின் கேசட்

சக்கரவர்த்தியை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். துக்கம் அதற்குப் பின்னால்தான். ஒரு மனிதன் தன் வேலையில் அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கக் கூடாது. கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் அந்தக் குரல் அவன் வீட்டில் இன்னும் இருந்திருக்கும்.

என் பெயர் அமீனுல்லா. வாணியம்பாடிக்காரன். எழுபதுகளின் கடைசியில் காவலூர் வானாய்வுக்கூடத்தில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். கொஞ்ச நாள் கழித்து சக்கரவர்த்தி வந்தான். மலைக்காரன், காவலூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் அவன் ஊர். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பத்தில் பிறந்து, ஆலங்காயத்தில் பத்தாவது முடித்து, வேலூரில் ரேடியோ வேலை படித்திருந்தான். எந்தப் பெட்டியைக் கண்டாலும் திறந்து பார்க்காமல் விடமாட்டான். ஒரு முறை என் கைக்கடிகாரத்தையே பிரித்து மேசையில் பரப்பி வைத்திருந்தான். மறுபடி மாட்டி ஓட வைத்துவிட்டதால் பிழைத்தான்.

எண்பத்து மூன்றில், பெங்களூரிலிருந்து வந்துபோகும் ஆராய்ச்சியாளர் ஒருவர் தன்னுடைய சின்னக் கம்ப்யூட்டரை எங்கள் அறையில் விட்டுச் சென்றார். பார்க்க டைப்ரைட்டரின் மேல் பாதி போல இருக்கும். திரைக்கு ஒரு பழைய டி.வி. கரண்ட் போனால் அதில் எழுதியிருந்ததெல்லாம் போய்விடும். அதனால் எழுதிய புரோகிராமை டேப்ரெக்கார்டரில் கேசட்டாகப் பதிந்து வைக்க வேண்டும். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் காது கிழிகிற மாதிரி கீச்சுச் சத்தம். ஆனால் அதே சத்தத்தை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அது கேட்டுப் புரிந்துகொண்டு திரையில் வரிவரியாக எழுத்தாக்கிக் காட்டும்.

எனக்கு அது வித்தை. சக்கரவர்த்திக்கு அதுவே பைத்தியமாகிப் போனது. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு கூடவந்த புத்தகத்தைப் படித்தான். தொலைநோக்கியின் கண்ணாடியில் பனி படிந்தால் எங்கள் எல்லோருக்கும் தலைவலி. ஈரத்தையும் சூட்டையும் கொடுத்தால் இன்றைக்குப் பனி படியுமா என்று சொல்கிற புரோகிராம் ஒன்றை எழுதத் தொடங்கினான். அது பாதி நாள் சரியாகச் சொல்லும், பாதி நாள் உளறும். உளறின நாளில் அவனோடு பேச முடியாது.

மலையில் வெற்றுக் கேசட் கிடைக்காது. நான் வாணியம்பாடியிலிருந்து பழைய பாட்டுக் கேசட்டுகளை வாங்கி வருவேன். அவற்றின் முதுகில் சின்னத் தகடு ஒன்றை உடைத்திருப்பார்கள், யாரும் மேலே வேறெதையும் பதிந்துவிடக் கூடாது என்று. நாங்கள் அந்த ஓட்டையின் மேல் செலோடேப்பை ஒட்டிவிட்டு எங்கள் இஷ்டத்துக்குப் பதிந்துகொள்வோம். அறையில் இருந்த கேசட் எல்லாமே அப்படி வாயடைத்தவைதான்.

அப்படி ஒன்றில்தான் அவன் மகள் செந்தாமரையின் குரலும் இருந்தது. பொங்கலுக்கு டேப்ரெக்கார்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் விளையாட்டாகப் பதிந்தது. பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. காயப்போட்ட கேழ்வரகைக் கொத்த வந்த கோழியைத் திட்டுகிறாள். எங்கம்மா வந்தா ஒன்ன கொழம்பு வெச்சிரும் என்று மிரட்டுகிறாள். பின்னால் அவள் அம்மா பச்சையம்மா அடக்க முடியாமல் சிரிப்பதும் கேட்கும். அதற்கு இவள், சிரிக்காதம்மா, அது பயப்படாது என்று கோபித்துக்கொள்வாள். மொத்தமே சில நிமிடம்தான்.

அந்த வருடம் மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பாதை அறுந்து ஜீப் மேலே வரவில்லை. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆலங்காயம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போட்டோ என்று ஒன்றுகூட எடுத்ததில்லை. அவள் இருந்ததற்கு அந்த வீட்டில் மிஞ்சியது ஒரு பாவாடையும் அந்தக் கேசட்டும்.

சக்கரவர்த்தி அழுததை நான் பார்க்கவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்து உட்கார்ந்தவன்தான். குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவான். பனி புரோகிராம் வளர்ந்துகொண்டே போனது. ஒரு பக்கம் இருந்தது பத்துப் பக்கமானது. எனக்குக் கோபமாக வரும். வீட்டுக்குப் போடா, அந்தப் பொண்ணு தனியா கீது என்று திட்டியிருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கம்ப்யூட்டரின் பலகையைத் தட்டுவான்.

பச்சையம்மாவுக்கு அவன் செய்தது ஒன்றே ஒன்று. பேட்டரியில் ஓடும் சின்ன டேப்ரெக்கார்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அவள் தினமும் கேட்டாள். கேட்டுக் கேட்டு நாடா தேய்ந்தது. இரண்டு வருடம் போவதற்குள் ஓரிடத்தில் பிள்ளையின் பேச்சு இழுபட ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு போய்விட்டு வந்தவன் அந்தக் கேசட்டைப் பையில் எடுத்து வந்திருந்தான். கொடுக்கமாட்டேன் என்று பச்சையம்மா பிடித்துக்கொண்டாளாம். கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான்.

"ஒரே காபி கீது பாய். ஒண்ணுதான் கீதுன்னா இல்லாத மாதிரிதான். இன்னொண்ணு போட்டு வெச்சிர்றேன்" என்றான்.

அது அவனுடைய தொழில் பழக்கம். எந்தப் புரோகிராமையும் இரண்டு கேசட்டில் பதியாமல் எழுந்திருக்கமாட்டான். நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

மறுநாள் நடுப்பகல், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தான். அறையில் இரண்டு டேப்ரெக்கார்டர். கம்ப்யூட்டருக்கென்று இருந்ததுதான் சுத்தமானது, நாடாவைக் கடிக்காது. அதனால் பிள்ளையின் கேசட்டை அதில் போட்டான். நகல் பதிய வேண்டிய கேசட்டை என்னுடைய ஓட்டை ரெக்கார்டரில் போட்டான். பிள்ளையின் கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி வைத்தான். காலையில் எழுதிய புரோகிராம் இன்னும் பதியாமல் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. ஒயர்களில் ஒன்றைத்தான் கழற்றி மாற்றியிருந்தான். கம்ப்யூட்டரிலிருந்து ரெக்கார்டருக்குப் போய்ப் பதிகிற ஒயர் கழற்றாமலே இருந்தது.

அப்போது வோல்டேஜ் இறங்கியது. விளக்கு மஞ்சளாகி, டி.வி. திரை சுருங்கியது. இன்னும் சற்று நேரத்தில் கரண்ட் போய்விடும், காலையிலிருந்து செய்த வேலை அழியும் என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த மாதிரி நேரத்தில் அவன் யோசிப்பதில்லை, கைதான் செய்யும். பதிவு செய் என்று தட்டினான். ரெக்கார்டரின் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினான். வருடக்கணக்காகப் பழகின கை.

நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது கரண்ட் போயிருக்கவில்லை, விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. பதிவு முடிந்தது என்று திரையில் வந்திருந்தது. அவன் ரெக்கார்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒலிக்க விட்டுப் பார்த்தோம். முதல் வார்த்தை இருக்க வேண்டிய இடத்திலிருந்து கீச்சென்றது. கோழியைத் திட்டியது, மிரட்டியது, பச்சையம்மாவின் சிரிப்பு எல்லாம் போய்விட்டன. சத்தம் நின்ற பிறகு வெறும் நாடா இரைந்தது.

மீட்க வழி உண்டா என்று அவன் என்னைக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என்றாலும் அந்த வாரம் முழுக்க நான் ஏதேதோ செய்து பார்த்தேன். ரெக்கார்டரின் தலையைத் துடைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். முட்டாள்தனம்தான்.

அந்த ஞாயிறு அவன் வெறுங்கையோடு போய், வேலை முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்த ஞாயிறும் அதேதான். மூன்றாவது ஞாயிறு என்னையும் கூட வரச் சொன்னான். தனியாகச் சொல்லத் தைரியமில்லை. கேசட்டை எடுத்துக்கொண்டான்.

எங்களைக் கண்டதும் பச்சையம்மா முதலில் அவன் பையைத்தான் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் கேசட்டை உருவி டேப்ரெக்கார்டரில் போட்டுவிட்டாள். புதுப் பேட்டரி போட்டுத் தயாராக வைத்திருந்தாள் போல. கீச்சுச் சத்தம் வீட்டை அடைத்தது. அவள் நிறுத்தவில்லை. சத்தம் முடிந்து பிள்ளை பேசுவாள் என்று கடைசி வரைக்கும் காத்திருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சக்கரவர்த்தி எல்லாவற்றையும் சொன்னான், எதையும் மறைக்கவில்லை. அவள் அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள்.

"மாமா, இந்தச் சத்தத்த அந்த மிஷின் கேட்டா எழுத்தா வரும்னு நீதான சொன்ன? இவ பேச்சு மேலதான அது குந்தினு கீது. அப்போ இவ பேசனதும் அதுல எழுத்தா வரும். போட்டுக் காட்டு."

அப்படி வராது என்று நாங்கள் இருவரும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. மறுநாள் காலை எங்களுக்கு முன்னால் நடந்தாள். அதுவரை அவள் எங்கள் அறைக்கு வந்ததே இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சக்கரவர்த்தி கேசட்டைப் போட்டு ஒயரை மாட்டப் போனான். ஒயரின் முனை துளையில் சரியாக இறங்கவில்லை. நான் வாங்கி மாட்டினேன்.

திரையில் வரிகள் வந்தன. ஒரு திரை நிறைந்து மேலே நகர்ந்து, இன்னொரு திரை நிறைந்து, இன்னொன்று. ஈரம், சூடு, பனி, கணக்கு. பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள்.

"இதுல எது அவ?"

ஏதாவது ஒரு வரியைக் காட்டிவிடேன்டா என்று எனக்கு மனசுக்குள் கதறல். எந்த வரியாக இருந்தால் என்ன, அவள் நம்பியிருப்பாள். அவள் விரலை எடுத்து ஒரு வரியின் மேல் வைத்திருந்தால் போதும்.

"அவ இதுல இல்ல பச்சம்மா" என்றான் அவன். "இது பூரா நான் எழுதனது. நான் இந்த மிஷினுங்கிட்ட பேசனது."

அவள் திரையை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள். அதன் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவ போனதுலேந்து எங்கிட்ட நீ ஒரு வார்த்த பேசல. இதுங்கிட்ட இம்மாம் பேசிகினு இருந்தியா?"

அவன் கேசட்டை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் அதைத் தொடவில்லை.

"நீயே வெச்சிக்கோ. அதுல ஒன் பேச்சுதான கீது."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அவன் பின்னால் ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும். நான் அவன் தோளைப் பிடித்துத் தள்ளியும் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.