செபஸ்தியானுக்குக் கிடைத்த தேதி

திருவெறும்பூர் தொழிற்சாலையில் முப்பது வருடம் வெல்டராக நின்ற செபஸ்தியான் இப்போது ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் ஈரல் கெட்டு உயிர் ஊசலாடியபோது, மனைவி அற்புதம்மாள் தன் ஈரலில் பாதிக்கு மேல் கொடுத்து அவரைக் காப்பாற்றினாள். பிழைத்தால் திருவிழாவில் அந்தோணியார் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பதாக இவர் நேர்ந்திருந்தார். பாரம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னது மூட்டை முடிச்சுக்குத்தான், புனிதருக்கு அது பொருந்தாது என்று இவராகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு தோள் கொடுத்தார். மறுவாரமே பழைய தையல் வழியாகக் குடல் பிதுங்கி, மாங்காய் அளவுக்குப் புடைத்து நின்றது.

அன்றிலிருந்து வீடு ஜெயில்தான். வயிற்றில் பெல்ட். பஸ் ஏறினால் குலுங்கும், கோயிலில் முழந்தாளிட முடியாது, தும்மல் வந்தால் பயம். உடனே தைக்கவும் வழியில்லை. புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடும் மாத்திரை புண்ணை ஆறவிடாதாம். அதை மாற்றி, எடையையும் குறைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒன்பது மாதம் நாற்காலியில் உட்கார்ந்து, கேஸ் சிலிண்டரை இழுக்கும் மனைவியை வேடிக்கை பார்த்தார்.

"நீங்க எழுந்திரிக்காதீங்க. உள்ள இருக்குறது என் ஈரலு" என்பாள். ஆசையாகத்தான் சொல்வாள். இவருக்கு எரிச்சல் வரும், எரிச்சல்பட்டதற்கு வெட்கமும் வரும்.

கடைசியில் டாக்டர் சம்ரீன் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். உள்ளே வலை வைத்துத் தைத்துவிடலாம். "ஆனா மூணு மாசம் எதையும் தூக்கக் கூடாது. வீட்டுல யாரு பாத்துக்குவாங்க?"

"நான் இருக்கேன் டாக்டர்" என்று சொல்லும்போதே அற்புதம்மாளுக்கு இருமல் வந்தது. சட்டென்று உள்ளங்கையை மேல்வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்த அழுத்தல் செபஸ்தியானுக்குத் தெரியாததா? ஒன்பது மாதமாக அவர் செய்வதல்லவா!

"கையை எடு, அற்புதம்."

"ஒண்ணுமில்லைங்க."

டாக்டர் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார். ஈரல் கொடுத்த தழும்பிலும் அதே புடைப்பு. ஆறு மாதமாகிறதாம். வாயே திறக்கவில்லை.

"முதல்ல இவளுக்குப் பண்ணுங்க டாக்டர்." என்றார் செபஸ்தியான்.

அற்புதம்மாள் எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் கோபமில்லை, அசதிதான் இருந்தது.

"நானும் படுத்துட்டா, என்னை யாருங்க தூக்கி உக்கார வைக்கிறது?"

அந்தத் தேதிக்கு யார் பெயரை எழுதுவதென்று தெரியாமல் டாக்டர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.