மைனியின் மீன்தொட்டிக்கு ஒரு மூடி

போன வாரம் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதன்மேல் விளக்கு வைத்த மூடி. சிவப்பு மீன்கள் சாவகாசமாக அலைந்துகொண்டிருந்தன. எனக்கோ நெஞ்சு படபடவென்று அடித்தது. பல் பிடுங்கப் பயந்த கிழவன் என்றுதான் நர்ஸம்மா நினைத்திருப்பாள்.

அப்படியொரு மூடியைக் கண்டால் எனக்குக் குங்கிலியம் மணக்கும். எங்கள் கோட்டாற்று வீட்டுக்குக் கரண்டு வந்த புதிது. நான் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொழும்பில் இருந்த அண்ணன் லீவில் வந்தபோது ஒரு ஜாடியில் இரண்டு தங்கமீன்களைக் கொண்டுவந்து, "பத்திரமா பாத்துக்கிடு" என்று மைனியிடம் கொடுத்துவிட்டுப் போனான். அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். போனவனிடமிருந்து அப்புறம் ஒரு தகவலும் இல்லை. "இதுவ உயிரோட கெடந்தா அவியளும் இருப்பாவ, தம்பி" என்பாள் மைனி. கேலி பண்ண வாயெடுப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொள்வேன்.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு. மீன்கள் இருக்கின்றனவா என்று, அவற்றை மாற்றி விட்டிருந்த கல்தொட்டிக்குள் மைனி கையை விட்டுத் துழாவுவாள். பல்பு வைத்த மூடி ஒன்றை நானே செய்கிறேன் என்று வீரம் பேசினேன். பலகையைக் கோணலாக அறுத்து, விரலையும் கொஞ்சம் அறுத்துக்கொண்ட பிறகு, மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஓர் ஓடாவியை அழைத்துவந்தேன். படகு கட்டும் ஆசாரி, பெயர் மிக்கேல். அயினிப் பலகையில் அருமையாகச் செய்தார். செய்து முடித்ததும், படகுக்குச் செய்வதுபோலவே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி உள்ளும் புறமும் பூசினார்.

"கடல்ல போட்டாலும் ஒரு சொட்டு எறங்காது, மக்கா" என்றார். கடலில் பல்பு எரிவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

முதல் அந்தியில் விளக்கைப் போட்டதும் மைனி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. நான் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

"தம்பி, ஓடி வா! மீனு வாயப் பொளக்குது!"

பல்பின் சூட்டில் குங்கிலியம் இளகிச் சொட்டி, தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலமாகப் பரவியிருந்தது. மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. மூடியைத் தூக்கி எறிந்தேன், கை சுட்டது. மைனி இரண்டையும் அள்ளி, பானையிலிருந்த கிணற்றுத் தண்ணீரில் விட்டாள். ஒன்று நீந்தியது. மற்றது மல்லாந்து மிதந்தது.

"கர்த்தாவே, அவியள எடுத்துக்கிடாதேயும்" என்று பானைமேல் குனிந்து முணுமுணுத்தாள். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. வால் ஒருதரம் துடித்தது. பிறகு மெல்லப் புரண்டு நேராயிற்று. மைனி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பொய் சொல்வானேன், நானும் அழுதேன்.

மிக்கேல் மறுபடி வந்து குங்கிலியத்தைச் சுரண்டி எடுத்து, உள்ளே தகரம் அடித்துக் கொடுத்தார். அதன்பின் சொட்டவில்லை. இப்போது அந்தக் கரையில் யாரும் குங்கிலியம் காய்ச்சுவதில்லை, படகெல்லாம் பைபர். எங்கள் வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள்.

மீன்கள் நாங்களே வியக்கும்படி பல வருடம் உயிரோடிருந்தன. அண்ணன் வரவில்லை. கடைசி மீன் செத்த அன்று, அதைத் தென்னை மூட்டில் வேரோரமாகப் புதைத்துவிட்டு உள்ளே போன மைனி, வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.