நடு இடத்துப் பெட்டி

வேதாசலத்துக்கு எல்லாம் வரும். கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைப் பூட்ட வரும், எரிந்துபோன காயிலைப் பிரித்து மறுபடி சுற்ற வரும், கூரை மேல் ஏறி ஓடு மாற்ற வரும். "முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்ல மட்டும் வராது. உத்திரமேரூரைச் சுற்றிப் பத்து ஊருக்குப் பம்புசெட் வேலை பார்க்கிற மனுஷன், நாற்பத்தைந்து வயது வரைக்கும் அந்த ஒரு வார்த்தையை வாயில் வரவழைத்ததில்லை. அவனோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணிய அம்முலுவுக்கு, மற்றது எதுவும் வராமல் இது ஒன்று வந்திருந்தால் போதுமே என்றிருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் காஞ்சிபுரத்து டாக்டர் ஒருவருடைய தோட்டத்து மோட்டாரைச் சரிபார்க்கப் போனவன், கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த ஒரு பழைய மாரிஸ் மைனர் காரைக் கண்டுவிட்டான். ஒரு ஜோடி மாட்டு விலைக்கு அது அவன் கைக்கு வந்தது. ஆறு மாதம் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தான். சோற்றுக்குக் கூப்பிட்டால் கிரீஸ் கையோடு வந்து நிற்பான். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காரை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது அம்முலு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஆரத்தி சுற்றினாள். சுற்றிய தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முன் சீட்டில் பஞ்சாட்சரம் உட்கார்ந்திருந்தார்.

பஞ்சாட்சரம் வேதாசலத்தின் பெரியப்பா மகன். அண்ணன் முறை. கல்யாணமோ கருமாதியோ, முதல் பந்தியில் முதல் இலை அவருடையதுதான். "போடா ஒரு ரவுண்டு" என்றார். போனான். அன்றைக்கு ஏறியவர் அந்த சீட்டை விட்டு இறங்கவே இல்லை என்றுதான் அம்முலு சொல்லுவாள். அது முழுப் பொய்யும் இல்லை.

சின்னக் கார் அது. முன்னால் இரண்டு தனித்தனி சீட்டு, பின்னால் மூன்று பேர் உட்கார இடம். ஆனால் ஊர்க் கணக்கு வேறு. பின்னால் ஐந்து பேர், பிள்ளைகள் கணக்கில் சேராது. முன்னால் பஞ்சாட்சரம். இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில், ஹேண்ட்பிரேக்கின் மேல் ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டு இன்னொருவர். கியர் கம்பி அவருடைய இரண்டு முட்டிக்கும் நடுவில் நிற்கும். வேதாசலம் "செகண்டு!" என்று குரல் கொடுத்தால் அவர் காலை அகட்ட வேண்டும். ஒருமுறை நடுவில் உட்கார்ந்திருந்தவர் தூங்கிவிட்டார். அகட்டவில்லை. வண்டி ஏரிக்கரைச் சரிவில் பாதி இறங்கி ஒரு பனைமரத்தில் முட்டி நின்றது.

இத்தனை பேரும் யார்? விசேஷத்துக்குப் போகிற சொந்தக்காரர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், சும்மா காற்று வாங்க வருகிறவர்கள். "நம்ம வண்டிதானே" என்பார்கள். ஆமாம் நம்ம வண்டிதான். அதில் அம்முலு என்கிற ஒருத்தி தவிர எல்லாருக்கும் இடம் இருந்தது.

அவள் தன் சொந்தக் காரிலிருந்து இரண்டு தடவை இறங்கியிருக்கிறாள். முதல் தடவை காஞ்சிபுரம் கருட சேவைக்கு. பஞ்சாட்சரத்தின் மாமியார் முட்டிவலிக்காரி கடைசி நேரத்தில் வந்து நின்றாள். "நீ கொஞ்சம் பஸ்ல வந்துடேன் அம்முலு" என்றான் வேதாசலம். வந்தாள். கருடன் கோபுரத்தைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது தடவை அவள் தம்பி ராஜாராமின் பையனுக்கு அய்யங்கார்குளத்தில் காதுகுத்து. அத்தைக்காரி பஸ் பிடித்துப் போய் நின்றபோது பிள்ளை அழுது முடித்து லட்டு தின்றுகொண்டிருந்தான். அவள் வாங்கிக்கொண்டு போன தோடு தாம்பாளத்திலேயே கிடந்தது. யாரோ கொடுத்த வேறு தோடு அவன் காதில் ஏறியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அம்முலு கத்தவில்லை. அதுதான் வேதாசலத்துக்குப் பயமாக இருந்தது.

"ஏன்யா, வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற? எடம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"எப்டி அம்முலு மூஞ்சிக்கு நேரா சொல்றது? நம்ம ஜனம்."

"நான் யாரு ஜனம்? இனிமே எனக்குன்னு முன்னால ஒரு எடம் இருந்தாதான் உன் வண்டில காலு வெப்பேன். சொல்லிட்டேன்."

அப்போதாவது வாயைத் திறக்கப் பழகியிருக்கலாம். வேதாசலம் ரம்பத்தை எடுத்தான். சந்து காலியாக இருப்பதால்தானே உட்காருகிறார்கள், அதை அடைத்துவிட்டால்? இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே ஒரு மரப் பெட்டி. டார்ச் லைட், ஸ்பானர், தண்ணீர்ச் சொம்பு எல்லாம் வைத்துக்கொள்ளலாம். சென்னையில் ஒரு மில் முதலாளியின் வெளிநாட்டுக் காரில் அந்த மாதிரி பார்த்திருக்கிறானாம். ஒருவர் இடம் அடைபட்டுப்போனால் கூட்டம் தானாகக் குறையும், அம்முலுவுக்கு இடம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டான். தான் சொல்ல வேண்டியதைப் பெட்டி சொல்லட்டும் என்று நினைத்தான். இந்த மூளையை என்ன சொல்வது என்று அம்முலு தலையில் அடித்துக்கொண்டாள்.

வாலாஜாபாத் மரவாடி அஹமது பாட்சா நல்ல மாம்பலகையாகப் பார்த்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் ஒரு நிமிஷம் வேதாசலத்தையே பார்த்தார்.

"ஜனங்க குந்தாம இருக்கவா பொட்டி? வோணாம்னு சொன்னா பலக செலவு மிச்சம்பா" என்றார்.

வேதாசலம் சிரித்து மழுப்பிவிட்டுப் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.

பெட்டி செய்ய ஒரு மாதம் பிடித்தது. மோட்டார் வேலைக்காரன் தச்சு வேலை பார்த்தால் எப்படி இருக்கும்? வாசலெல்லாம் மரத்தூள், உப்புத்தாள், பாயாசச் சட்டியில் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசை. எல்லாம் முடித்துப் பெட்டியைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தால், முதல் கியருக்கும் மூன்றாவதுக்கும்தான் கம்பி போகிறது. பின்னால் இழுக்கிற கியர் எல்லாம் பெட்டியில் இடிக்கிறது. கம்பி நடுவில் நிற்கும்போது அளவெடுத்த புண்ணியவான்! மறுபடி கழற்றி, முன்பக்கத்தைப் பிறை மாதிரி வெட்டி, ஹேண்ட்பிரேக்குக்கு ஒரு பிளவு விட்டு, வார்னிஷ் அடித்து, மூடிக்குக் கீல் வைத்து மாட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை மட்டும் அம்முலு ஒப்புக்கொண்டாள்.

அடுத்த நாள் பஞ்சாட்சரம் மூடியைத் தட்டிப் பார்த்தார். "சபாஷ்டா! கோணில குந்தி குந்தி நம்ம ஆளுங்களுக்கு இடுப்பு போச்சு. நல்லா ஸ்டூல் மாரி பண்ணி வெச்சிக்கீற!" என்று சொல்லி, நடுவில் உட்காரத் தன் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

அம்முலு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

இரண்டாவது மூடி, கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிவாக. அதன் மேல் துண்டை மடித்துப் போட்டு ஒரு பிள்ளையைக் குதிரை ஏற்றினார்கள். பிள்ளை கணக்கில் சேராது என்பதால் பின்னால் இன்னொரு ஆள் கூடுதலாக ஏறினான். பெட்டி வைப்பதற்கு முன்னால் ஏழு பேர். இப்போது பிள்ளையையும் சேர்த்து எட்டு.

கடைசியில் காஞ்சிபுரத்தில் அவனுக்கு ஒரு யோசனை பிறந்தது. ஒரு கடைக்காரர் தன் பக்கச் சுவரை யாரும் நாறடிக்காமல் இருக்க வரிசையாகச் சாமி படம் எழுதி வைத்திருந்தார். சுவர் சுத்தமாக இருந்தது. வேதாசலம் ஒரு திருத்தணி முருகர் படம் வாங்கிவந்து, மூடியை மறுபடி தட்டையாக்கி, படத்தை ஒட்டி, மேலே மூன்று கோட்டிங் வார்னிஷ் அடித்தான். முருகர் மேல் எவன் உட்காருவான்?

எவனும் உட்காரவில்லை. வாஸ்தவம். பஞ்சாட்சரம் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு படத்துக்கு விபூதி பூசினார். மறுநாள் கதம்பம் வைத்தார். அந்த வாரமே மூடியின் மேல் கற்பூரம் கொளுத்தி, வேலுக்குப் பக்கத்தில் நாலணா அகலத்துக்குக் கருக்கிவிட்டார். வண்டி கிளம்புவதற்கு முன் எல்லாரும் ஜன்னல் வழியாகக் கைவிட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். நடு இடம் உண்மையிலேயே அடைபட்டுவிட்டது. வேதாசலம் வெற்றி பெற்ற முகத்தோடு வீட்டுக்குள் வந்தான்.

"இனிமே நீ முன்னால குந்தலாம்" என்றான்.

மார்கழி முடிந்து தை பிறந்ததும் ராஜாராமின் பெரிய பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். அத்தைதான் முதல் சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பத்தரைக்குள் நல்ல நேரம். இந்தத் தடவை பிந்தினால் வேறு யாராவது ஊற்றிவிடுவார்கள், அது திரும்பி வராது. காதில் போட்ட தோட்டையாவது மாற்றலாம். அம்முலு விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டு கட்டி, சீர்த் தட்டோடு வாசலுக்கு வந்தாள்.

முன் சீட்டில் பஞ்சாட்சரம் உட்கார்ந்திருந்தார். பின்னால் நாலு பேர்.

"மாமா, நீங்க பின்னால போங்க. நான் இங்க குந்தணும்" என்றாள் அம்முலு. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவளே கேட்டுவிட்டாள்.

பஞ்சாட்சரம் பதறிப்போனார். "இன்னாமா இது! பக்கத்துல சாமி கீது. பொம்பளைங்க முட்டி படலாமா? நாளு கெழம, தீட்டு கீட்டுன்னு எவ்ளோ கீது. அதுக்குத்தானே நான் தெனம் குளிச்சிட்டு வந்து குந்திக்கினு கீறேன். நீ பஸ்ல வந்துடு, டக்குனு வந்துடலாம்."

அம்முலு புருஷனைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். மூன்று மூடி, இரண்டு மாம்பலகை, ஒரு பாயாசச் சட்டி, எல்லாம் எதற்கு? அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வெறுத்துப்போயிற்று. தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள்.

பத்தடி போயிருப்பாள். பின்னால் கார் கதவு திறக்கிற சத்தம். திரும்பினாள். வேதாசலம் திருப்புளியோடு காருக்குள் குனிந்திருந்தான். நாலு திருகாணி. ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டான். பெட்டியை அப்படியே பெயர்த்து எடுத்து, கதம்பத்தோடும் விபூதியோடும் பஞ்சாட்சரத்தின் மடியில் வைத்தான்.

"அண்ணா, சாமிய உள்ள கொண்டும் போயி வெளக்காண்ட வெச்சிட்டு வா."

சாமியைக் கையில் கொடுத்தால் பஞ்சாட்சரம் என்ன செய்வார்? செருப்பை உதறிவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பயபக்தியோடு இறங்கி வீட்டுக்குள் போனார்.

"ஏறு" என்றான் வேதாசலம் அம்முலுவிடம்.

ஏறினாள். பஞ்சாட்சரம் திரும்பி வந்து பார்த்தார். தன் சீட்டில் பட்டுப்புடவை. அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. நடுவில் காலியாகக் கிடந்த சந்தைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"அட, அதான் எடம் கீதே. அந்தக் கோணியப் போடு, நான் இப்டி நடுவுல குந்திக்கிறேன்."

எல்லாரும் பார்த்தார்கள். நாலு திருகாணி ஓட்டையும், பெட்டி இருந்த தடமும் தவிர அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். வேதாசலமும் குனிந்து அந்த இடத்தைப் பார்த்ததை அம்முலு கண்டாள். ஐயோ, இப்போது சரி என்றுதான் சொல்லப்போகிறான் என்று அவள் கதவுப்பிடியில் கைவைத்துவிட்டாள்.

"எடம் இல்ல அண்ணா" என்றான் வேதாசலம்.

சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினான். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆனாலும் பின்னால் இருந்த நாலு பேருக்கும் கேட்டது. பஞ்சாட்சரம் வாசலிலேயே நிற்க, முதல் கியரில் வண்டியைக் கிளப்பினான். யாருடைய முட்டியையும் பெட்டியையும் இடிக்காமல் கம்பி பின்னால் போய் செகண்டில் விழுந்தது.

சீர்த் தட்டு கனமாக இருந்தது. மடியில் வைத்து வைத்து அம்முலுவுக்குத் தொடை மரத்துப்போயிற்று. பின்னால் இருந்தவள் ஒருத்தி, "அத நடுவுல வெச்சிக்கோயேன்" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். அய்யங்கார்குளம் போய்ச் சேரும்வரை அந்த இடத்தில் அவள் ஒரு பூவைக்கூட வைக்கவில்லை.