அமைச்சர் வளர்ந்த மரக்குடிலும் சுகந்தியின் வேட்புமனுவும்

ரொறன்ரோவிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய, நயாகரா அல்லாத ஓர் இடம் சொல்லுங்கள் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, 1994 ஆகஸ்ட்டில் நானும் என் மனைவி சுகந்தியும் போய்வந்த கிளென் ஆர்டல் என்ற சிற்றூர். அங்கே பார்க்க இருப்பது ஒரே ஒரு மரக்குடில். ஆனாலும் இந்த நாட்டுக்கு வந்தபின் நாங்கள் போன பயணங்களில், எங்கள் வீட்டுக்குள் எதையாவது மாற்றியது என்றால் அது ஒன்றுதான்.

அப்போது நாங்கள் அஜின்கோர்ட்டில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் தளத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் வங்கி எழுதுவினைஞராக இருந்த நான், இங்கே கிழமை நாட்களில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையிலும் சனி ஞாயிறுகளில் ஓர் உணவகத்தின் பின்னறையில் கோப்பை கழுவுவதிலும் இருந்தேன். சுகந்திக்கு டோனட் கடையில் வேலை. மகன் நாலாம் வகுப்பு. அவனுடைய பள்ளிக்கூடத்தில், புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளை ஆங்கிலம் போதாது என்று இரண்டு வகுப்புக் கீழே இருத்திவிடுவார்கள். கணக்கில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதே கதைதான். பெற்றோருக்கு மொழிபெயர்க்கப் போன சுகந்தி, ஒரு கட்டத்தில் அவர்களுக்காகத் தானே வாதாடத் தொடங்கினாள். நவம்பரில் கல்விச் சபைக்குத் தேர்தல் வரவிருந்தது. “நீங்களே நில்லுங்கோ அக்கா” என்று கட்டடத்தில் இருந்தவர்கள் லிஃப்டுக்குள் வைத்தே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. “உமக்கேன் உந்த வீண் வேலை? உம்மட இங்கிலீசைக் கேட்டுச் சிரிப்பாங்கள்” என்றேன்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. மாலை ஆங்கில வகுப்பில் கொடுத்த ஒரு பிரதித் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஓர் ஏழைக் குடும்பத்தில், காட்டுக்கு நடுவே ஒற்றை அறைக் குடிலில் வளர்ந்து, பின்னாளில் மாகாண அமைச்சராகிய ஒருவரைப் பற்றிய இரண்டு பக்கங்கள். ஆர்ச்சிபால்ட் என்று பெயர். ஊர்க்காரருக்கு இன்றைக்கும் ஆர்ச்சி. பத்து வயதுவரை அவருக்கு ஆங்கிலம் தெரியாது, வீட்டில் கேலிக் மொழிதான் என்று அதில் எழுதியிருந்த வரியின் கீழ் சுகந்தி பேனையால் கோடு போட்டிருந்தாள்.

“ஒருக்கா உந்த வீட்டைப் பாத்திட்டு வருவம். அதுக்குப் பிறகு நிக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கிறன்.”

நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரனுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு, போய்ப் பார்த்தால் தானாக அடங்கிவிடுவாள் என்ற நினைப்பில்தான் நான் சம்மதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உணவகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, மகனை மோர்னிங்சைட்டில் சுகந்தியின் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு, காலை 7.40க்குப் புறப்பட்டோம். வழி மிக எளிது. மார்க்கம் வீதியில் ஏறி வடக்கே போய்க்கொண்டே இருந்தால் அதுவே 48ஆம் நெடுஞ்சாலையாகிறது. அந்த நாட்களில் மார்க்கத்தைத் தாண்டியதுமே சோள வயல்கள் தொடங்கிவிடும். சட்டன் என்ற ஊருக்குப் பிறகு இடது பக்கத்தில் மரங்களுக்கு இடையே சிம்கோ ஏரி விட்டுவிட்டுத் தெரியும். பீவர்ட்டன் வரை ஒன்றரை மணித்தியாலம். இருவரும் அதிகம் பேசவில்லை. ரேடியோவின் தமிழ் நிகழ்ச்சி பாலன்ட்ரே ஊருடன் இரைச்சலாகிவிட்டது. அதை நிறுத்தவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

பீவர்ட்டனிலிருந்து கிழக்கே திரும்பியபின்தான் வழி தவறியது. எல்லாச் சந்தியும் ஒரே மாதிரி: ஒரு களஞ்சியம், ஒரு தபால் பெட்டி, ஒரு சரளைப் பாதை. அறிவிப்புப் பலகையைக் காணவில்லை. உழவு இயந்திரத்தில் வந்த ஒருவரை மறித்து, அமைச்சரின் வீடு எங்கே என்று கேட்டேன். அவர் இயந்திரத்தை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, எங்கள் பழைய கொரோலாவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“ஆர்ச்சியின் குடிலா? அடுத்த சந்தியில் இடது பக்கம் திரும்பி இரண்டு மைல். போகும்போது வலது பக்கத்து வேலியைப் பாருங்கள். அது முப்பது அடி எங்கள் நிலத்துக்குள் நிற்கிறது. அவர் நகரசபை எழுத்தராக இருந்தபோது போட்ட எல்லை.”

“எப்போது நடந்தது?” என்றாள் சுகந்தி.

“என் பாட்டனின் அப்பா காலத்தில். நாங்கள் இன்னும் மறக்கவில்லை.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

கார் நகர்ந்ததும் சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். “எங்கட ஊர் வேலிச் சண்டை இஞ்சையும் இருக்கு!” புறப்பட்டதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல்தடவை.

குடிலுக்கு 10.05க்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டிலிருந்து 121 கிலோமீற்றர், வழி தவறியதையும் சேர்த்து. ஆளுக்கு இரண்டு டொலர் நுழைவு. மாரியன் என்ற ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் திறந்துவிட்டார். கிழமை நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் இங்கே. எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

முதலில் அவர் சொன்னது, அந்தக் குடிலில் வடக்குச் சுவர் மட்டுமே பழையது என்பதைத்தான். மற்ற மூன்றும் பிற்காலத்தில் கட்டியவை. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. உள்ளே பதினாறடிக்கு இருபதடி. பெற்றோரும் ஏழு பிள்ளைகளும் இதற்குள் இருந்திருக்கிறார்கள். மேலே பரண், பிள்ளைகள் அங்கே படுக்க, மாரியில் போர்வையின் மேல் உறைபனி படியுமாம். காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலைப் பெரிய இரும்புக் கொப்பரையில் காய்ச்சிச் சவர்க்காரம் செய்ய உதவும் காரமாக விற்பதுதான் முதல் சில வருடங்களில் அவர்களுடைய ஒரே வருமானம். கொப்பரைக்குக் காவல் பிள்ளைகள். சாம்பல் காரம் பட்டு ஆர்ச்சியின் வலது கையில் இரண்டு விரல்கள் வளைந்தே ஆறியிருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அவருடைய கையெழுத்து ஏன் அப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் காரணம்.

கடைக்காரர் சாமான் சுற்றிக் கொடுத்த செய்தித்தாள்களை வைத்து அவர் ஆங்கிலம் படித்தாராம். பதினாலு வயதில், ஆங்கிலம் தெரியாத அயலவர்களை நில அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர்களுக்காகப் பேசத் தொடங்கினார். பிறகு மனுக்கள் எழுதிக் கொடுத்தார். பதினெட்டில் பள்ளிக்கூட ஆசிரியர், பிறகு நகரசபை எழுத்தர், பிறகு தேர்தல்.

“முதல் தேர்தலில் தோற்றார்,” என்றார் மாரியன். “முதல் கூட்டத்தில் பதற்றத்தில் பாதிப் பேச்சு கேலிக்கில் போய்விட்டதாம். சபை சிரித்தது. அவர் நிறுத்தி, தண்ணீர் குடித்து, ஆங்கிலத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் வாந்தி எடுப்பதாகத் தங்கைக்கு எழுதிய கடிதம் எங்களிடம் இருக்கிறது. ஊரில் நிற்கும் அவருடைய சிலையைப் பார்த்தால் அப்படித் தெரியாது.”

சுகந்தி அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

“இவர்கள் வருவதற்கு முன்னால் இந்தக் காடு யாருடையது?”

மாரியன் சுவரைத் திரும்பிப் பார்த்தார். “இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களுடையது. ஏரித் தீவில் இப்போதும் இருக்கிறார்கள். இங்கே சுவரில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.”

“அவர்களுக்காக ஆர்ச்சி பேசினாரா?”

“நான் தேடிய வரையில் இல்லை.”

சொந்த நிலத்தை விட்டு வந்த எங்கள் இருவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி இந்த ஆளை அவள் தூக்கிப்பிடிக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் இன்னொரு கேள்வி வைத்திருந்தாள். தான் கல்விச் சபைக்கு நிற்க யோசிப்பதைச் சொல்லி, “என்னைப்போல உச்சரிப்பு உள்ள ஒருவருக்கு நீங்கள் வாக்குப் போடுவீர்களா?” என்று நேராகவே கேட்டாள். எனக்கு முகம் கொதித்தது.

மாரியன் யோசித்தார். “என் அம்மா போட்டிருக்கமாட்டார். நான்... உண்மையாகவே தெரியவில்லை. என் கதவைத் தட்டிக் கேட்டால், நீங்கள் சொல்வதைக் கேட்டபிறகு முடிவெடுப்பேன். கேட்காதவர்களுக்கு நான் போடுவதில்லை.”

திரும்பும் வழியில் பீவர்ட்டன் துறைமுகப் பூங்காவில் இறங்கி, கொண்டுபோன புட்டையும் சம்பலையும் சாப்பிட்டோம். மதியம் 12.30. ஏரியில் காற்று அதிகம். சுகந்தி கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்தாள்.

“இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. என்ர இங்கிலீசுக்குச் சிரிப்பாங்கள் எண்டோ பயப்பிடுறீங்கள்?”

“வேறென்ன?”

“வேறென்னவோ இருக்கு.”

அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. ஏரியைப் பார்த்துத்தான் சொன்னேன். “ஊரில நான் ஒரு உத்தியோகத்தன். நாலு பேர் என்னட்டத்தான் வந்து கடிதம் எழுதுவிச்சவை. இஞ்ச நான் கோப்பை கழுவுறன். இப்ப சனம் உம்மைத் தேடி வருது. நீர் மேடையில நிக்க, நான் கீழ நிண்டு என்னெண்டு பாக்கிறது?”

சொல்லி முடித்ததும் என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கு உது தெரியும்,” என்றாள். “எப்ப சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.” சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே, “நான் நிக்கப்போறன். நீங்கள் கீழ நிக்க வேண்டாம், கூட வாங்கோ. தனியக் கதவு தட்ட எனக்குப் பயமாக் கிடக்கு” என்றாள்.

“ஆர்ச்சியைப்போல வரப்போறீரோ?”

“ஏன் அவரைப்போல? அவர் தன்ர ஆக்களுக்கு மட்டும் கதைச்சவர். எங்கட பள்ளிக்கூடத்தில சோமாலிப் பிள்ளையளும் கீழ் வகுப்பிலதான் இருக்குதுகள். அந்தக் கதவுகளையும் தட்டோணும்.”

அடுத்த வாரம் அவள் வேட்புமனு கொடுத்தாள். ஒக்டோபர் முழுக்க வேலை முடிந்து வந்து இருவரும் கட்டடம் கட்டடமாக ஏறினோம். பலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூடினார். ஒரு சோமாலித் தாய் எங்களை உள்ளே இருத்தித் தேநீர் தந்து, தன் மூன்று பிள்ளைகளின் பள்ளி அறிக்கைகளையும் மடியில் கொண்டுவந்து போட்டாள். ஒருநாள் சுகந்திக்குத் தொண்டை கட்டிவிட, நான் தனியே போனேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கதவைத் திறந்தார். “என் மனைவி தேர்தலில் நிற்கிறார்” என்று என் ஆங்கிலத்தில் சொன்னபோது வசனம் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் வங்கிக் கதிரையில் இருந்தபோதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

சுகந்தி தோற்றாள். ஐந்து பேரில் மூன்றாவது. அன்று இரவு அவள் அழுதாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு டோனட் கடைக்குப் போனாள். வென்றவர் தேர்தலுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு, கீழ் வகுப்பில் இருத்தப்பட்ட பிள்ளைகளின் விபரம் கேட்டார். தமிழும் சோமாலியுமாகப் பதினெட்டுக் குடும்பங்கள் கையொப்பமிட்ட மனுவை அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த தவணையில் கணக்குக்கு மட்டும் பிள்ளைகளை அவரவர் வயது வகுப்பில் இருத்தினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அவள் பிறகு தேர்தலில் நிற்கவில்லை. மனு எழுதுவதை நிறுத்தவும் இல்லை. இப்போது விட்பியில் இருக்கிறோம். இங்கேயும் ஆட்கள் வருகிறார்கள். நான் கதவைத் திறந்து, இருத்தி, தேநீர் போட்டுக் கொடுக்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மே முதல் ஒக்டோபர் வரைதான் குடில் திறந்திருக்கும். அதுவும் சனி, ஞாயிறு பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை. நுழைவுக் கட்டணம் இப்போது கூடியிருக்கலாம். பீவர்ட்டனில் பெற்றோல் நிரப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு நிலையம் இல்லை. சரளைப் பாதையில் மெதுவாகப் போங்கள், கண்ணாடியில் கல் தெறிக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. உள்ளே ஒரு மணித்தியாலம் போதும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கொப்பரையையும் பரணையும் காட்டுங்கள். அந்தச் சுவரில் எழுதாமல் விட்டவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. திரும்பும்போது அவசரப்படாமல் ஏரிக்கரையில் ஒரு மணித்தியாலம் இருங்கள். அங்கே சொல்லவேண்டியது உங்களில் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களிடம்தான் என்றால், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.